இரண்டாவது மிஸ்டு கால்

ஒருவனுடைய மணிக்கட்டை என் கையால் உடைத்திருக்கிறேன். உடைந்த பிறகும் அடித்தேன். வருத்தப்படுவதாகச் சொல்லச் சொன்னார் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதியவர். வருத்தம் நிறைய இருக்கிறது. அவனுக்காக ஒரு துளிகூட இல்லை.

என் வேலை, பார்த்துக்கொள்கிறவர்களைப் பார்த்துக்கொள்வது. நோய் வந்து எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்ட மாதங்களில், படுக்கையில் கிடக்கும் வயசானவர்களைக் கழுவிவிட, புரட்டிப் படுக்கவைக்க, ஊட்டிவிட ஆள் வேண்டியிருந்தது. முப்பது பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பயந்து நின்றவர்களும் காய்ச்சலில் விழுந்தவர்களும் போகப் பன்னிரண்டு பேர் மிச்சம். அவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் சேர்ப்பது, அழுதால் கேட்பது, எந்த வீட்டுக்காரனாவது வாலாட்டினால் ஒட்ட நறுக்குவது எல்லாம் நான்தான். நோய் வந்த புதிதில் நானும் வீடு வீடாகப் போனவள். முழங்கால் மூட்டு தேய்ந்துபோனதும் சமூகக் கூடத்தின் பின்னறையில் ஒரு போனோடு உட்கார வைத்துவிட்டார்கள். மூட்டுதான் தேய்ந்தது, வாய் தேயவில்லை.

மேலிடத்து விதி ஒன்று இருந்தது. ஒரு வீட்டுக்குள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் தொற்றிக்கொள்ளும். உள்ளே நுழையும்போது எனக்கு ஒரு மிஸ்டு கால் தர வேண்டும், வெளியே வந்ததும் இன்னொன்று. முதல் காலுக்குச் சுவர்ப் பலகையில் ஒரு சாய்ந்த கோடு போடுவேன். இரண்டாவதுக்கு அதன் குறுக்கே இன்னொரு கோடு. பெருக்கல் குறி விழுந்துவிட்டால் பெண் பத்திரமாக வெளியே வந்துவிட்டாள் என்று அர்த்தம். விழாவிட்டால் ஆளை அனுப்புவது என் பொறுப்பு.

விதி எழுதின மகராசன் யாருக்கும் ஊட்டிவிட்டதில்லை போலிருக்கிறது. பக்கவாதம் வந்த வாய்க்கு ஒரு கிண்ணம் சாப்பாடு இறங்கவே அரைமணி ஆகும். அவசரப்பட்டால் புரையேறி ஆளே போய்விடுவார். அதனால் என் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். முக்கால் மணி ஆனதும் கட்டில் பக்கத்தில் நின்றபடியே இரண்டாவது மிஸ்டு காலைக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் நிதானமாக மீதி வேலையை முடித்துவிட்டுக் கிளம்புவார்கள். எனக்கு இது தெரியும். தெரியாத மாதிரி குறுக்குக் கோட்டைப் போட்டுவிடுவேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியை எல்லாரும் ரயில் என்றுதான் கூப்பிடுவோம். தெருவில் இறங்கினால் இடம் வலம் பார்க்காமல் ஒரே நேர்கோட்டில் போவாள். முப்பத்து நாலு வயது, ஒல்லி, வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவளுடைய காலை வீடு டிரைவர் ஐயா வீடு. நாற்பது வருஷம் பேருந்து ஓட்டியவர், இப்போது வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மூன்றாவது மாடி. வெளியூரில் இருந்த மகன், வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டதால் வந்து சேர்ந்திருந்தான்.

மகன் வந்த ஒரு வாரத்தில் ரயில் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஐயா முதுகெல்லாம் செவந்து கெடக்கு. நான் தொட்டுட்டுப் போனதும் அந்த ஆளு ப்ளீச்சிங் தண்ணிய ஊத்தித் தேய்க்கறான்க்கா, தரை தேய்க்கற பிரஷ்ஷால. ஐயாவால கத்தக்கூட முடியல. கண்ணுல தண்ணி மட்டும் வருது."

"அவங்கிட்ட ஏதாவது கேட்டியா?"

"கேட்டேன். உன் கையில எத்தன வீட்டுக் கிருமி இருக்கோன்னான். அப்ப நீயே கழுவிவிடேன்டான்னு வாய் வரைக்கும் வந்துச்சு."

"வந்தது வாயிலயே நிக்கட்டும். எதுத்துப் பேசினா நாளைலேருந்து உன்ன வர வேணாம்னுடுவான். அப்புறம் அந்த மனுஷனுக்கு யாருடி இருக்கா? ஆதாரம் இல்லாம எவனும் அசைய மாட்டான். அவனுக்குத் தெரியாம போட்டோ எடுத்து அனுப்பு. மீதிய நான் பாத்துக்கறேன்."

மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றைக்குச் சொன்னதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஐந்து நாள் கழித்து, காலை பத்து மணிக்கு ரயிலின் முதல் மிஸ்டு கால் வந்தது. கோடு போட்டேன். பத்து முப்பத்தெட்டுக்கு அந்தப் படம் வந்தது. முதுகில் தோல் இல்லை. தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் பச்சைப் புண், ஓரத்தில் கொப்புளங்கள், பிரஷ்ஷின் கோடுகள்கூட வரிவரியாகத் தெரிந்தன. பத்தே முக்காலுக்கு இரண்டாவது மிஸ்டு கால் வந்தது. அப்பாடா என்று குறுக்குக் கோட்டை இழுத்தேன்.

அந்த ஒரு நிமிடத்தில் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. அவள் வெளியே வந்துவிட்டாள் என்று உண்மையிலேயே நம்பினேன். தினமும் பொய் என்று தெரிந்தே போடுகிற கோடு அன்றைக்கு மட்டும் மெய்யாகத் தோன்றியது. அப்படித் தோன்ற வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு போன் மேல் போன். காவல் நிலையத்தில் ஆள் இல்லை, எல்லாரும் தெருத் தடுப்பில் நிற்கிறார்கள். முதியோர் நல அலுவலகத்தில் ஓர் அம்மாள் எடுத்து, படத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், நாளைக்குப் பார்க்கிறோம் என்றாள். "நாளைக்கு அந்த முதுகுல எலும்புதான் தெரியும், அதப் போட்டோ எடுத்து அனுப்பறேன்" என்று கத்திவிட்டு வைத்தேன். கத்தியதில் ஒரு திருப்தி. ஏதோ கிழித்துவிட்ட மாதிரி தேநீர்கூடப் போட்டுக் குடித்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு வாத்தியார் போன் செய்தார். ரயில் அடுத்துப் போகும் வீடு அவருடையது. ஆஸ்துமாக்காரர், பத்து நிமிட நடை தூரம். பதினொன்றேகாலுக்கெல்லாம் அவருக்கு ஆவி பிடிக்க வைக்க வேண்டும்.

"என்னம்மா, உங்க ரயில் இன்னிக்கு லேட்டா? இல்ல, இந்த ஸ்டேஷன்ல இனிமே நிக்காதா?" என்று மூச்சுக்கு நடுவே சிரித்தார்.

பலகையைப் பார்த்தேன். டிரைவர் ஐயா பெயருக்கு நேரே அழகாகப் பெருக்கல் குறி. அந்தக் குறிக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அது எனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த வழக்கத்தை ஆரம்பித்ததே நான். நோயின் முதல் மாதத்தில், நானும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மேலிடத்துக் கண்ணில் மண்ணைத் தூவினேன் என்று பெருமையாக இரண்டு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாலாகி, நாலு பன்னிரண்டாயிற்று.

ரயிலின் போனுக்கு அடித்தேன். முழுக்க அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை அணைக்கப்பட்டிருந்தது. மகனின் எண்ணுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அவங்க பத்தே முக்காலுக்கே கெளம்பிட்டாங்களே," என்றான் நிதானமாக. "உங்களுக்கு ரெண்டாவது கால் வந்திருக்குமே?"

எங்கள் மிஸ்டு கால் கணக்கு அவனுக்கு எப்படித் தெரியும்? போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். மூன்று மாதமாக ஓடாத கால்.

வாசலில் எங்களுக்குச் சாமான் கொண்டுவரும் வேன்காரர் டயபர் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். வாயில்லாப் பூச்சி. ஹார்ன் அடிக்கக்கூட யோசிக்கிற மனிதர். ஏறுங்க என்றதும் ஏறினார். தெருவெல்லாம் வெறிச்சென்று கிடந்தது. ஒரு தடுப்பில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். நான் தலையை வெளியே நீட்டி, "என் பொண்ணச் சாவடிக்கறாங்க, வர்றதுன்னா பின்னாலயே வாங்க" என்றேன். அவர் எங்களைப் போகவிட்டார். பின்னால் வரவில்லை.

அடுக்குமாடியின் கேட் பூட்டியிருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர், எல்லார் கையிலும் ஏதோ ஒன்று: துடைப்பக் கட்டை, கிரிக்கெட் மட்டை, கம்பு. முன்னால் நின்றவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர், சட்டைப் பையில் சின்ன சானிடைசர் பாட்டில்.

"உள்ள வரக் கூடாதும்மா. மூணாவது மாடில நோயாளி இருக்கு."

"என்ன நோயாளி? யாரு?"

"கவனிக்க வர்ற அந்தப் பொம்பள. காய்ச்சலாம். அவரு பாத்ரூம்ல போட்டு அடைச்சு வச்சிருக்காரு. குரூப்ல மெசேஜ் போட்டாரு. சுகாதாரத் துறைக்குச் சொல்லியாச்சு, அவங்க வர்ற வரைக்கும் ஒரு ஈ காக்கா போகக் கூடாது."

"எப்ப அடைச்சான்?"

"பதினோரு மணி இருக்கும்."

"கத்தினாளா?"

அவர் செயலாளர் ஆயிற்றே, பொய் சொல்ல வரவில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒருத்தி, "காய்ச்சல்ல ஏதேதோ கத்துவாங்க" என்றாள்.

படித்தவர்கள். தினமும் மொட்டை மாடியில் வரிசையாக நின்று யோகா செய்கிறவர்கள். ஒரு மணி நேரமாக ஒரு பெண் அலறியதைக் கேட்டுக்கொண்டு கீழே வந்து கேட்டைப் பூட்டியிருக்கிறார்கள். கேட்டின் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். கம்பு வைத்திருந்தவன் கம்பி இடுக்கு வழியாக என் தோளில் ஓங்கிக் குத்தினான். கம்பைப் பிடித்து வெளியே இழுத்தேன், அவன் முகம் கேட்டில் வந்து மோதியது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மேலே எவனோ பூந்தொட்டியைத் தள்ளினான். அது வேனின் முன்கண்ணாடியில் விழுந்து கண்ணாடி முழுக்க விரிசல் விட்டது.

அதுதான் வினையாகப் போயிற்று அவர்களுக்கு. வேன்காரருக்கு அந்த வண்டி பெண்டாட்டி மாதிரி. அதைப் பின்னால் எடுத்தார். "நகருங்கக்கா" என்றார். அப்புறம் நேரே விட்டார். கேட் ஒரு பக்கம் பெயர்ந்து, செயலாளர் செடிப் பாத்திக்குள் விழுந்தார். அடுத்த நிமிடம் வேன்காரரின் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. அதை நான் வாங்கிக்கொண்டேன். மட்டையும் கம்புமாக நின்றவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

மூன்று மாடி. ஒவ்வொரு படிக்கும் முழங்காலுக்குள் ஊசி இறங்கியது. இரண்டாவது மாடியிலேயே நெடி வந்துவிட்டது. தொண்டையைப் பிடிக்கிற, கண்ணைக் கரிக்கிற ப்ளீச்சிங் நெடி. மூன்றாவது மாடியில் எந்தச் சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. கத்திக்கொண்டிருந்தால் உயிரோடு இருக்கிறாள் என்று தெரியும்.

வேன்காரர் கதவைத் தோளால் மோதினார். நான் பூட்டுக்குப் பக்கத்தில் ஸ்பேனரை விட்டு நெம்பினேன். நாலாவது மோதலில் கதவு பிளந்தது.

அவன் கூடத்தின் நடுவே நின்றான். மழைக்கோட்டு, முழங்கை வரை கையுறை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம், கண்ணில் நீச்சல் கண்ணாடி. கையில் கட்டிலின் பக்கவாட்டு இரும்புத் தடுப்பு, ஐயா விழுந்துவிடாமலிருக்க நாங்கள் மாட்டிக் கொடுத்தது. அதன் நுனியில் முடி ஒட்டியிருந்தது.

"செருப்ப வெளிய விடுங்க," என்றான். "மாஸ்க்க மூக்கு மேல ஏத்துங்க."

அடுத்து நான் செய்தது எதற்கும் கணக்குச் சொல்ல முடியாது. அவன் தடுப்பை வீசினான், அது என் காதோரம் பட்டு ஒரு பக்கம் மரத்துப்போனது. நான் ஸ்பேனரை அவன் மணிக்கட்டில் இறக்கினேன். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். தடுப்பு கீழே விழுந்தது. அவன் உட்கார்ந்தான். "நான் உயிரோட இருக்கணும், அது தப்பா?" என்று அழுதான். மறுபடி அடித்தேன். தோளில், முதுகில், தொடையில். அவன் அழுகிற ஒவ்வொரு தடவையும் என் கைக்கு இன்னும் வேகம் வந்தது. சுகமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன். வேன்காரர் என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "அக்கா, அவ உள்ள இருக்கா, அக்கா" என்று கத்தியபிறகுதான் எதற்காக வந்தேன் என்பதே ஞாபகம் வந்தது.

குளியலறைக்குப் போகும் வழியில் டிரைவர் ஐயா தரையில் கிடந்தார். கட்டிலிலிருந்து தானாகவே உருண்டு விழுந்திருக்கிறார். மல்லாந்தபடியே இடது கையை ஊன்றி இழுத்து இழுத்து, குளியலறைக் கதவுக்கு ஒரு முழ தூரம் வரை வந்திருக்கிறார். முதுகுப் புண் தரையோடு தேய்ந்து, வந்த வழியெல்லாம் ரத்தக் கோடு. மகன் அவரைத் தொடப் பயந்து அப்படியே விட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையால் கதவைத் தட்டிக் காட்டினார்.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம். திறந்ததும் நெடி முகத்தில் அறைந்தது, வேன்காரர் அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தார். ரயில் தண்ணீர் போகும் துளையில் முகத்தை வைத்துக் குப்புறக் கிடந்தாள். அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் காற்று வரும் என்று நினைத்திருக்கிறாள். பின்னந்தலை பிளந்திருந்தது. ப்ளீச்சிங் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றியிருக்கிறான், துணி உடம்போடு ஒட்டியிருந்தது. கதவின் உள்பக்கத்தில் அவளுடைய நகக் கீறல்கள், ஒரு நகம் மரத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

அக்குளுக்குள் கைவிட்டு இழுத்தோம். ஜன்னல் கம்பிக்கு நேரே அவள் முகத்தைப் பிடித்து, முதுகில் தட்டினேன், திட்டினேன், எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். "மூச்ச விடுடி. வாய மூடவே மாட்டியே, இப்ப மட்டும் என்னடி?" இருமினாள். ரத்தமும் நுரையுமாக என் மார்பில் துப்பினாள். பலகையில் குறுக்குக் கோடு போட்டு எண்பது நிமிடம் ஆகியிருந்தது.

மருத்துவமனையில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். ஐந்தாம் நாள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் பழையவள் என்கிற சலுகையில், உச்சி முதல் பாதம் வரை பாதுகாப்பு உடை மாட்டி என்னை உள்ளே அனுப்பினார்கள். டிரைவர் ஐயா அதற்கு முந்தின நாள் போய்விட்டார், புண்ணில் சீழ் பிடித்து. மகன் கையில் கட்டோடு காவலில் இருந்தான்.

ரயிலின் தலையை மழித்திருந்தார்கள். இடது கண்ணில் பார்வை போய்விட்டது. நுரையீரல் பாதிதான் வேலை செய்யும் என்றார் டாக்டர். மூன்று வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். ஐயா போனதை நான் சொன்னேன்.

"போட்டோ எடுத்தத அவன் பாத்துட்டான்க்கா," என்றாள். "வாசப்படில நின்னுக்கிட்டு கடிகாரத்தயே பாத்தான். தெனமும் நான் கால் குடுக்கறத பாத்துருக்கான்ல. முக்கால் மணி ஆச்சு, நான் வழக்கம்போலக் குடுத்தேன். சிரிச்சான். 'சரி, இப்ப நீ போயாச்சு'ன்னு சொல்லிட்டுக் கதவப் பூட்டினான்."

நர்ஸ் வந்து குழாயைச் சரிசெய்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள். ரயில் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"உள்ள கெடக்கறப்ப நெனச்சுக்கிட்டே இருந்தேன்க்கா. எனக்கு அத ஒரு பொண்ணு சொல்லிக்குடுத்தா. அவளுக்கு வேற ஒருத்தி. இந்தப் பாழாப்போன வழிய மொதல்ல எவக்கா கண்டுபிடிச்சா? அவ மட்டும் என் கையில கெடச்சா..."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. தெரிந்த இரண்டு பெண்களில் ஒருத்தி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள், இன்னொருத்தி வேலையை விட்டு எங்கோ போய்விட்டாள். என் வாய் எத்தனையோ தடவை கேட்காமலேயே திறந்திருக்கிறது. அன்றைக்கு மட்டும் அது மூடிக்கொள்ளப் பார்த்தது.

"நான்தான்," என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் முகக்கவசத்தையும் கண்ணாடித் தடுப்பையும் கழற்றிவிட்டு, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி குனிந்தேன். நகம் பிய்ந்து கட்டுப் போட்ட கையால் ஓங்கி என் கன்னத்தில் அறைந்தாள். அவள் கையில் குத்தியிருந்த ஊசி பிடுங்கிக்கொண்டு ரத்தம் தெறித்தது. நர்ஸ் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"விடும்மா," என்றேன். "அவ அடிக்கட்டும்."

ரயில் கையை மறுபடி தூக்கினாள். பாதி தூரம்கூட வரவில்லை. மூச்சு போதாமல் அது படுக்கையிலேயே விழுந்தது. நான் குனிந்தபடியே நின்றேன்.